நிதியுதவி அறிவித்தல்கள் தமிழிலும் வெளிவர வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில், கொழும்பு மக்கள் தோட்டம் என்று அழைக்கும் நெருக்கமான குடியிருப்பொன்றை அண்டி, பதினொரு ஆண்டுகளாக இலவச மாலை வகுப்பு நடத்திவரும் சிறு சங்கமொன்றின் பொருளாளர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். துறைமுகத் தொழிலாளர், முச்சக்கரவண்டிச் சாரதிகள், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார் ஆகியோரின் பிள்ளைகள் நாற்பத்து மூவர் எங்களிடம் படிக்கிறார்கள். சென்ற ஆண்டு, இவ்வாறான சங்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிதியுதவி ஒன்றுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் எங்கள் கைக்கு வந்தபோது முடிவுத் திகதிக்கு நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. அறிவித்தல் வெளியாகி ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அது ஆங்கிலப் பத்திரிகையிலும் அந்நிறுவனத்தின் முகநூல் பக்கத்திலும் ஆங்கிலத்தில் மட்டுமே வந்திருந்தபடியால், எங்கள் நிர்வாக சபையின் ஒன்பது பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கொள்ளுப்பிட்டியில் அலுவலகமொன்றில் பணிபுரியும் எங்கள் பழைய மாணவி ஒருவர் தற்செயலாகக் கண்டு அனுப்பியதால்தான் அந்த அளவுக்கேனும் தெரியவந்தது. மூன்று விலைமனுக்கள், கணக்காய்வு அறிக்கை, நிர்வாக சபைத் தீர்மானம், பன்னிரண்டு பக்க ஆங்கில விண்ணப்பம் ஆகிய அனைத்தையும் நான்கு நாள்களில் ஆயத்தம் செய்வது எங்களால் இயலவில்லை. விட்டுவிட்டோம்.

நிதி இல்லை என்பது எங்களைப் போன்ற சங்கங்களின் கூட்டங்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. மூன்று ஆண்டுகளாக இவ்விடயத்தைத் தேடிப் படித்துவருபவன் என்ற வகையில் சொல்கிறேன்: கொழும்பில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கக்கூடிய நிதியுதவிகள் பல உள்ளன, அவற்றைப் பற்றிய செய்திதான் தமிழில் மட்டும் வாசிக்கும் மக்களிடம் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை. தங்கள் பத்திரிகை மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கி, அப்போது திறந்திருக்கும் நிதியுதவி அறிவித்தல்களைத் தமிழில் தொகுத்து வெளியிட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

முதலில் தூதரகங்களை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியத் தூதரகம் அடிமட்ட மனிதப் பாதுகாப்புச் செயற்றிட்டங்களுக்கான மானிய உதவி என்ற திட்டத்தின் கீழ்ப் பல ஆண்டுகளாக உள்ளூர் அமைப்புகளுக்கு உதவிவருகிறது. கட்டடம், உபகரணம், வாகனம் போன்று கண்ணால் கண்டு எண்ணக்கூடியவற்றுக்கே அது பெரும்பாலும் உதவும். சம்பளம், வாடகை, புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு உதவாது. அவுஸ்திரேலிய உயர் ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டத்துக்குச் சமூக அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். கனேடிய உயர் ஸ்தானிகராலயத்தின் உள்ளூர் முன்முயற்சிகளுக்கான நிதியம் சிறு செயற்றிட்டங்களுக்கு உதவிகளை வழங்குவது. குறுகிய காலத்தில் முடிக்கக்கூடிய செயற்றிட்டங்களையே அது ஏற்கும். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித் திட்டத்தின் ஊடாக நடைபெறும் உலக சுற்றாடல் வசதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992 இல் தொடங்கப்பட்டு 1994 முதல் இலங்கையிலும் இயங்கிவருகிறது. ஒரு சங்கத்துக்கு 50,000 அமெரிக்க டொலர் வரை என்பது அது நெடுங்காலம் கைக்கொண்ட எல்லை. சுற்றாடல் என்றதும் சிங்கராஜக் காட்டையும் மலைநாட்டு ஓடைகளையும் மட்டும் நினைத்துக்கொண்டு, இது நமக்கு உரியதன்று என்று கொழும்பில் இருப்பவர்கள் விலகிவிடுகிறார்கள். 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரம் கொழும்பு. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் வாழும் மக்கள், தங்கள் கால்வாய்க் கரைகளையும் சதுப்பு நிலங்களையும் காப்பதற்கென ஒரு சங்கமாகக் கூடி விண்ணப்பிக்க எல்லா நியாயமும் உள்ளவர்கள்.

தூதரகங்களோடு இது முடிந்துவிடுவதில்லை. 1999 ஜூலை 29 இல் கொழும்பில் கொல்லப்பட்ட கலாநிதி நீலன் திருச்செல்வம் அவர்களின் நினைவாக நிறுவப்பட்ட நம்பிக்கை நிதியம் உள்நாட்டிலிருந்தே சிறு அமைப்புகளுக்கு நிதி வழங்கிவரும் நிறுவனம். ஆலயங்களும் அறநெறிப் பாடசாலைகளும் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தை அணுகலாம். ரோட்டரி, லயன்ஸ் கழகங்கள் தங்கள் ஆண்டுத் திட்டத்தை வகுக்கும் காலத்தில், நன்றாக ஆயத்தம் செய்யப்பட்ட கோரிக்கையொன்றைப் பரிவோடு பார்க்கின்றன. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எவரும் வாசிக்கக்கூடியவை. அவற்றின் சமூகப் பொறுப்புப் பகுதியைப் புரட்டினால், எந்தக் கம்பனி பாடசாலை நூலகங்களுக்குக் கொடுத்தது, எது குடிநீருக்குக் கொடுத்தது, எது விளையாட்டுக்கு மட்டும் கொடுக்கிறது என்பவை புலப்படும். ஒரு மழை நாளில் கொழும்பு பொது நூலகத்தில் இருந்து இரண்டு ஆண்டறிக்கைகளைப் படித்ததால் எனக்குக் கிடைத்த தெளிவு, அதற்கு முன்னர் கையில் கோப்போடு ஏறி இறங்கிய பதினைந்து அலுவலகங்களில் கிடைக்கவில்லை.

இச்செய்திகள் இப்போது தமிழில் வரவேண்டிய அவசரம் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வெளிநாட்டு நிறுவனங்கள் தாமாகவே கிராமம் கிராமமாக வந்தன. போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. நாட்டின் வருமானம் உயர்ந்ததாகக் கணிக்கப்பட்டதும் அவற்றில் பல தம் அலுவலகங்களை மூடிக்கொண்டு வேறு நாடுகளுக்குச் சென்றன. உலக வங்கி 2019 ஜூலையில் இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜூலையிலேயே மீண்டும் தாழ் நடுத்தர வருமான வரிசைக்கு இறக்கியது. ஆயினும் சென்ற நிறுவனங்கள் அதே வேகத்தில் திரும்பி வரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியதும், அவ்வாண்டு ஜூலை 1 முதல் அந்நாட்டின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் உதவித் திட்டங்களை நடத்துவதை முற்றாகக் கைவிட்டதும் வாசகர்கள் அறிந்தவை. பெரிய அரச சார்பற்ற நிறுவனங்களே இன்று சிறு நிதியுதவிகளைத் தேடி வந்திருக்கின்றன. அவர்களிடம் ஆங்கிலத்தில் எழுதுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. அறிவித்தல் வெளியான அன்றே அவர்கள் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நாங்களோ ஐந்தாம் வாரத்தில் கேள்விப்படுகிறோம்.

எங்கள் சொந்த அனுபவத்தை ஒளிக்காமல் எழுதினால் மற்றச் சங்கங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன். நாங்கள் முதன்முதலில் விண்ணப்பித்தது பொருள்களுக்கும் கட்டடத் திருத்தத்துக்கும் மட்டும் உதவும் ஒரு நிதியத்துக்கு. எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது ஆசிரியைகள் இருவருக்கான மாதாந்தக் கொடுப்பனவு. ஆகவே மனத்தில் இருந்ததை அப்படியே எழுதினோம். பிள்ளைகளின் வறுமையை நான்கு பக்கங்களில் விவரித்தோம். எழுதும்போது எங்கள் செயலாளர் கண் கலங்கினார். மூன்று வாரங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. அறிவித்தலை மீண்டும் எடுத்து வாசித்தபோதுதான், எவற்றுக்கு நிதி வழங்கப்படமாட்டாது என்று ஒரு தனிப் பந்தி இருந்ததையும் அதன் முதல் வரியிலேயே சம்பளமும் கொடுப்பனவும் குறிப்பிடப்பட்டிருந்ததையும் கண்டோம். ஆங்கிலம் அறிந்த ஒருவர் எங்களுக்கு வாய்மொழியாகச் சொன்ன சுருக்கத்தை நம்பியே எழுதியிருந்தோம். அவர் சுருக்கியதில் அந்தப் பந்தி விடுபட்டிருந்தது. தவறு எங்களுடையதுதான். ஆனால் அந்தப் பந்தி தமிழில் இருந்திருந்தால் ஒன்பது பேரில் ஒருவராவது பார்த்திருப்போம்.

அடுத்த முறை வேறு விதமாகச் செய்தோம். கொடுப்பவர் என்ன கொடுக்கிறார் என்பதை முதலில் அறிந்து, அதற்குப் பொருந்துவதாக எங்களுக்கு என்ன தேவை இருக்கிறது என்று பார்த்தோம். கூரை ஒழுகியது, மாரி காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு நின்றது. எத்தனை நாள் நின்றது என்று வரவுப் பதிவேட்டைப் பார்த்து எண்ணினோம்: ஓராண்டில் முப்பத்தொரு நாள். அந்த எண்ணிக்கையையும், கூரையின் நான்கு புகைப்படங்களையும், மூன்று கடைகளின் விலைமனுக்களையும், வகுப்பு நடக்கும் மாடியை இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு வாடகையின்றித் தருவதாக வீட்டுக்காரர் கையொப்பமிட்ட கடிதத்தையும் இணைத்தோம். வறுமையைப் பற்றி ஒரே ஒரு பந்திதான் எழுதினோம். 680,000 ரூபா கிடைத்தது. கூரைத் தகடுகளும் பன்னிரண்டு மேசைகளும் வாங்கி, மிஞ்சிய 4,350 ரூபாவைப் பற்றுச்சீட்டுகளோடு திருப்பி அனுப்பினோம். அவ்வாறு திருப்பி அனுப்பிய சங்கம் அதிகம் இல்லை என்று அந்நிதியத்தின் அலுவலர் கூறியது எனக்கு வியப்பாக இருந்தது. புறக்கோட்டை வர்த்தக நிலையமொன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்பதால், மீதியைத் திருப்பாமல் விடுவது எனக்கு உறக்கத்தைக் கெடுத்திருக்கும்.

கணக்கு என்றதும் இன்னும் சில வார்த்தைகள் எழுத வேண்டும். ஏனெனில் எங்கள் பகுதியில் நான் அறிந்த சங்கங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இடறி விழுகின்றன. விண்ணப்பம் எழுதுவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே செய்யவேண்டிய வேலைகள் உண்டு. சங்கத்துக்கு யாப்பு வேண்டும். பதிவு வேண்டும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ், இயங்கும் எல்லையைப் பொறுத்துப் பிரதேச செயலகத்திலோ மாவட்டச் செயலகத்திலோ அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்திலோ பதிவு செய்யலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதிவு செய்யலாம். மாலை வகுப்புக்கும் முதியோர் மன்றத்துக்கும் முன்னையதே போதுமானது. பின்னையதில் ஆண்டுதோறும் கம்பனிப் பதிவாளருக்குச் சமர்ப்பிக்கவேண்டியவை உள்ளன. கணக்காய்வாளர் கட்டணமும் சிறு சங்கத்துக்குப் பாரம். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கில் சங்கப் பணத்தை வைத்திருப்பது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எந்தக் கொடையாளரும் ஏற்காத ஒன்று. காசோலையில் இருவர் ஒப்பமிட வேண்டும். அந்த இருவரும் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இருத்தல் ஆகாது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் கூட்டக் குறிப்பு கையொப்பத்தோடு இருக்கவேண்டும்.

காசேட்டை அன்றன்று எழுதுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லும்போது, நாங்கள் சேவை செய்ய வந்தவர்கள், கணக்குப் பார்க்க வந்தவர்கள் அல்லர் என்று பதில் வருகிறது. எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிறது. ஐம்பது ரூபாவுக்கு வாங்கிய வெண்கட்டிக்கும் சிட்டை எழுதி ஒட்டிவைத்த சங்கத்தால், மூன்று ஆண்டுகள் கழித்து யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து ஏட்டைக் காட்ட முடியும். பெரிய நிதியங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகளைக் கேட்கின்றன. அவற்றை விண்ணப்பிக்கும் வாரத்தில் உண்டாக்க முடியாது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: அரச சார்பற்ற நிறுவனங்கள் கொடையாகப் பெறும் தொகையில் 3 சதவீதத்தை வரிக்குரிய வருமானமாகக் கருதும் ஏற்பாடு நம் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் உள்ளது, சில வகைப் பணிகளுக்கு விலக்கும் உண்டு. பாதீடு தயாரிக்கும் முன்னரே இதைத் தகுதியான ஒருவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. 2022 இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவைக் கடந்தபோது, ரூபாவில் பாதீடு எழுதி ஒப்பந்தம் செய்திருந்த நண்பர் ஒருவரின் சங்கம் பாதிக் கட்டடத்தோடு நின்றுவிட்டது. விலை மாற்றத்துக்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்கவும், அவ்வாறு ஒதுக்கலாமா என்று கொடையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

செய்தி எட்டாத இடத்தில் தரகர் நுழைகிறார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தம்மை ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் எங்கள் சங்கத்துக்கு வந்து, விண்ணப்பம் எழுதுவதற்கு முற்பணமாக 25,000 ரூபாவும், நிதி கிடைத்தால் அதில் 15 சதவீதமும் தரும்படி கேட்டார். தூதரகத்தில் தமக்கு ஆள் இருப்பதாகவும் சொன்னார். நாங்கள் மறுத்தோம். முகத்துவாரத்தில் மாதர் சங்கமொன்று நகை அடகுவைத்து அந்த முற்பணத்தைக் கொடுத்தது. அதன் பின்னர் அவருடைய தொலைபேசி இயங்கவில்லை. தூதரகங்களும் நிதியங்களும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. கிடைக்கும் மானியத்திலிருந்து இடைத்தரகுக் கூலி கொடுப்பதை அவை அனுமதிப்பதும் இல்லை. இந்த இரண்டு வரிகளையாவது தாங்கள் தடித்த எழுத்தில் அச்சிட்டால் அந்தப் பெண்களைப் போன்ற வேறு சிலர் காப்பாற்றப்படுவார்கள்.

மொழியைப் பற்றி எழுதும்போது மனம் கசந்து எழுதக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது. அவ்வாறிருக்க, சமூக அமைப்புகளுக்கான உதவிபற்றி அரச அலுவலகமொன்றிலிருந்து எங்களுக்கு வந்த சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அங்கே கேட்பதற்கு எங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. தூதரகங்களையும் தனியார் நிதியங்களையும் அச்சட்டம் கட்டுப்படுத்தாது. அவர்களிடம் வேண்டுகோளாகவே வைக்க முடியும். நான் மேலே குறிப்பிட்ட சுற்றாடல் சிறுமானியத் திட்டம் உலகின் பல நாடுகளில் உள்ளூர் மொழிகளில் எழுதப்பட்ட முன்மொழிவுகளை ஏற்றுவருகிறது. ஆகையால் இயலாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. முழு விண்ணப்பத்தையும் தமிழில் ஏற்பது கடினமென்றால், முதற்கட்டமாக இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் பெற்றுக்கொண்டு, தெரிவாகும் அமைப்புகளிடம் மட்டும் ஆங்கில விண்ணப்பத்தைக் கேட்கலாம். அப்போது மொழிபெயர்ப்புக்காகச் செலவழிக்கும் பணமும் நாள்களும் வீணாகமாட்டா. ஆங்கிலம் அறிந்தவர் எழுதியதும் தேவை உள்ளவர் எழுதியதும் ஒரே தட்டில் நிறுக்கப்படும்போது, கொடையாளர்களும் தாங்கள் தேடும் மக்களைக் காணாமலே போய்விடுகிறார்கள்.

யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விபரமும் வெளிவரவேண்டும். அமெரிக்காவில் தனியார் கொடை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்கும் 990-பிஎஃப் என்ற படிவத்தில், அவை யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தன என்ற பட்டியல் இருக்கும்; அப்படிவத்தை எவரும் பார்க்கலாம். பிரித்தானியாவில் 360கிவிங் என்ற அமைப்பு, பெருந்தொகையான கொடையாளர்களின் மானிய விபரங்களை ஒரே வடிவில் திரட்டி, கிராண்ட்நாவ் என்ற தேடுதளத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு சிற்றூரின் பெயரைத் தட்டச்சுச் செய்தால், அவ்வூரின் எந்தச் சங்கம் யாரிடமிருந்து எதற்காக எவ்வளவு பெற்றது என்பது தெரிந்துவிடும். முன்னர் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைப் பார்ப்பவர்களுக்கு, இனி யாருக்குக் கொடுப்பார்கள் என்பது ஓரளவு விளங்கும். இங்கே அப்படியொரு பட்டியல் எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆயினும் அரச நிதியைப் பொறுத்தவரையில் ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. எங்கள் பிரதேச செயலகப் பிரிவில் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தச் சமூக அமைப்புகளுக்கு, எந்த நிதியிலிருந்து, எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் பதிந்துகொள்ளும் கடமையும் அவருக்கு உண்டு. உள்ளூர் வேலைகளுக்கெனப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி எப்படிப் பகிரப்பட்டது என்பதைக் கேட்டறிய இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்க வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் வடக்கு கிழக்கின் பாடசாலைகளுக்குச் செய்துவருவது பெரும் பணி. கொழும்பின் தோட்டங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவ்வாறு உரிமையோடு நினைத்துப் பார்க்கும் ஊர்ச் சங்கம் இல்லை. மலையகத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் 1983 க்குப் பின் இடம்பெயர்ந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உள்ளனர். இங்கிலாந்தில் பதிவுசெய்யப்பட்ட அறக்கட்டளைகளின் கணக்குகளை அங்குள்ள அறக்கட்டளை ஆணைக்குழுவின் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். அப்பதிவேட்டில் இலங்கை என்று தேடி, எங்களுக்குப் பொருந்தும் நோக்கங்களைக் கொண்டவற்றுக்கு மட்டும் முறையாக எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஆறு கடிதங்களுக்கு இரண்டு பதில்கள் வந்தன. இரண்டும் மறுப்பே ஆயினும், அவற்றுள் ஒன்று அடுத்த ஆண்டு எந்த மாதத்தில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தது.

பிறர் கையை எதிர்பார்ப்பது நமக்கு இழுக்கு என்று எண்ணும் பெரியவர்களும் உள்ளனர். அவர்களுடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைத்து, வாரக் கடைசியில் அதைத் திரட்டிப் பொதுப்பணி செய்தவர்கள் நம் முன்னோர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915 இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கியதும் இக்கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளை மனத்திற்கொண்டே. எங்கள் சங்கத்திலும் மாதச் சந்தா உண்டு. சென்ற ஆண்டு அது 61,200 ரூபாவாகத் திரண்டது. அந்தத் தொகையை நாங்கள் விண்ணப்பத்தில் சொந்தப் பங்களிப்பாகக் காட்டினோம். கூரை வேலைக்குப் பெற்றோர் தந்த சிரமதான நாள்களையும் எண்ணிப் பெறுமதியிட்டு எழுதினோம். தானும் ஏதேனும் போட்டிருக்கும் சங்கத்துக்கே கொடையாளர் மனம் இளகுகிறது என்பதை அனுபவத்தில் கண்டோம். ஆகவே பிடியரிசியும் நிதியுதவியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

தங்களிடம் நான் கேட்கும் கால் பக்கத்தில் ஒவ்வோர் அறிவித்தலுக்கும் ஐந்தாறு வரிகளே போதும்: யார் வழங்குகிறார்கள், யார் விண்ணப்பிக்கலாம், எவற்றுக்கு வழங்கப்படமாட்டாது, அதிகபட்சத் தொகை, எம்மொழியில் எழுதவேண்டும், முடிவுத் திகதி. மூன்றாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் சுருக்க வேண்டாம். அறிவித்தலை வெளியிட்ட நிறுவனத்தின் அலுவலகப் பக்கத்தில் சரிபார்த்த பின்னரே அச்சிட வேண்டும். முகநூலில் கைமாறி வரும் போலி அறிவித்தல்கள் இப்போது மலிந்துவிட்டன. தூதரகங்களும் நிதியங்களும் தங்கள் பத்திரிகைக்குத் தமிழ்ச் சுருக்கத்தைத் தாமே அனுப்பிவைத்தால் வேலை இன்னும் எளிதாகும். 1942 முதல் இந்நகரில் தமிழ் வளர்க்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும், 1902 இல் நிறுவப்பட்டு எங்கள் பகுதியில் இயங்கிவரும் விவேகானந்த சபையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் மண்டபத்தில் சிறு சங்கங்களின் பொருளாளர்களையும் செயலாளர்களையும் அழைத்து, காசேடு எழுதுவதையும் முன்மொழிவு தயாரிப்பதையும் தமிழில் கற்பிக்க முன்வந்தால், கணக்குப் பாடத்தை நான் ஊதியமின்றி எடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

தொகுக்கும் வேலைக்கு ஆள் இல்லை என்ற தடை தங்களுக்கு இருக்கலாம். எங்கள் பழைய மாணவர்கள் மூவர், ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்தவர்கள், மாதந்தோறும் இவ்வறிவித்தல்களைத் தேடித் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் மாதத்துக்குரிய தொகுப்பை ஏற்கெனவே தட்டச்சுச் செய்து வைத்துள்ளோம். தாங்கள் இசைந்தால், ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதிக்கு முன்னர் அதைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து ஒப்படைப்போம்.

இங்ஙனம்,
மாலை வகுப்புச் சங்கமொன்றின் பொருளாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.